பிள்ளையார் பாட்டும் கே-டவுன் பாய்ஸும்

கமல் வாசிக்கும் வாத்தியம் என்ன என்று காஞ்சிபுரத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. பார்வைக்குக் கிட்டார். கிட்டார் என்றால் காதில் விழ வேண்டுமே என்று கூர்ந்து கேட்டாலும் பிடிபடாது. ஒரு திருவிழாவில் பெரியவர் ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்து, "எல்லாரும் வாசிச்சாங்க, நீ மட்டும் சும்மா நின்னுக்கினு இருந்தியே, ஒடம்பு சரியில்லியா தம்பி?" என்று கேட்டு, அக்கறையாகச் சுக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். கமல் மறுக்காமல் வாங்கிக் குடித்துவிட்டு, "இப்ப பரவால்லபா" என்றான்.

அது பேஸ் கிட்டார். வீட்டுக்கு அடியில் கிடக்கும் கடைக்கால் எப்படியோ, பாட்டுக்கு அது அப்படி. இருக்கும்வரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். கமலுக்கு அதுதான் வசதி. தலையைக் காட்டுகிற வேலை எதுவும் அவனுக்கு ஆகாது. அதைவிட ஆகாதது, ஒருவர் முகத்தைப் பார்த்து மனம் நோகும்படி ஒரு வார்த்தை சொல்வது. தெருவில் இரண்டு கட்சிக்காரர்களும் ஆள் சேர்க்க வந்தபோது இரண்டிலும் சேர்ந்தவன் அவன். இரண்டு கட்சி ஊர்வலமும் ஒரே நாளில் வந்தால் மாமியார் வீட்டுக்குப் போய்விடுவான்.

பிழைப்புக்கு வேன் ஓட்டினான். ஒரகடம் பக்கத்து கம்பெனி ஒன்றுக்குக் காலையில் ஆளை ஏற்றிக்கொண்டு போவது, சாயங்காலம் கொண்டுவந்து விடுவது. மற்ற நேரமெல்லாம் கச்சேரி. தான் வாசிப்பது பாதி, அடுத்தவன் வாசிப்பதைப் போய்க் கேட்பது பாதி. எங்கே ஸ்பீக்கர் கட்டினாலும் கமல் அங்கே நிற்பான். மனைவி சுகாசினிக்குப் பட்டுச் சேலைக் கடையில் வேலை. நாள் முழுக்கச் சேலையைப் பிரித்துக் காட்டி மடித்து வைத்துவிட்டு வருகிறவள், வீட்டில் அவன் இல்லையென்றால் தேடமாட்டாள். வாசலில் நின்று எந்தத் திசையில் பாட்டுச் சத்தம் வருகிறது என்று கேட்டால் போதும்.

கமலின் மெல்லிசைக் குழுவில் நான்கு பேர். அவன், டிரம்ஸ் ஜான்சன், கீபோர்டுக்காரர் ஒருவர், பாடகி பெரியநாயகி. ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களுக்கு வாசித்து மாளாது. ஆடி போனால் கூப்பிடுகிற ஆளைத் தேட வேண்டும். அதனால்தான் ஒரகடம் சாலையில் புதிதாக வந்த ஹோட்டலில், சனிக்கிழமைதோறும் வாசிக்க ஆள் வேண்டும் என்று கேட்டதும் கமலுக்குத் தலைகால் புரியவில்லை. வருஷம் முழுக்க, வாரம் தவறாமல் ஒரு மேடை. ஹோட்டலின் கீழ்த்தளத்தில் இருப்பதை பார் என்று சொன்னால் அங்கே கோபித்துக்கொள்வார்கள். அது பப். சுவரில் கலர் விளக்கு, நடுவே ஒரு சின்ன மேடை. குழுவுக்கு ஹோட்டல்காரர்களே புதுப்பெயர் வைத்து போர்டும் அடித்துவிட்டார்கள்: கே-டவுன் பாய்ஸ். அந்த போர்டுக்குக் கீழே, நட்ட நடுவில், ஐம்பது வயதைத் தாண்டிய பெரியநாயகி மாம்பழக் கலர் சேலையில், நெற்றி நிறையக் குங்குமத்தோடு நின்றார்.

முதல் சனிக்கிழமை நடந்ததை யார் தப்பு என்று சொல்வது? மெல்லிசைக் குழு எதுவும் சாமி பாட்டு பாடாமல் கச்சேரி தொடங்கியதாகச் சரித்திரம் இல்லை. கல்யாணமோ, காதுகுத்தோ, கட்சிக் கூட்டமோ, முதல் பாட்டு பிள்ளையாருக்கு. அடுத்தது நாகூர் ஆண்டவருக்கு. மூன்றாவது வேளாங்கண்ணி மாதாவுக்கு. அதன் பிறகுதான் மற்றது. பப்பில் அப்படிச் செய்யக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அப்படிச் செய்வார்கள் என்று அங்கே யாரும் நினைக்கவுமில்லை.

விளக்கு மங்கியது. பெரியநாயகி கண்ணை மூடிக் கைகூப்பிப் பிள்ளையாரைக் கூப்பிட்டார். அந்தக் குரல் மைக் இல்லாமலே இரண்டு தெரு தாண்டும். முதல் மேஜையில் கிளாஸை வாய்வரை கொண்டுபோன ஒருவர், அதை அப்படியே மெதுவாகக் கீழே வைத்தார். பக்கத்தில் இருந்தவர் மேஜைக்கடியில் செருப்பைக் கழற்றினார். ஒருவர் மெனு அட்டையை எடுத்துத் தன் பாட்டிலுக்கு முன்னால் சுவர் மாதிரி நிறுத்தினார். சிக்கன் தட்டோடு வந்த பேரர் நடுவழியில் நின்றுவிட்டான். முன்னால் போவதா, திரும்பிப் போவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. பிள்ளையார் முடிந்ததே என்று ஒருவர் மறுபடி கிளாஸைத் தொடும்போது நாகூர் பாட்டு தொடங்கியது. அந்தப் பக்கம் இருந்த பாய் ஒருவர் கிளாஸை நகர்த்தினார். பிறகு மாதா. கூட்டத்தில் மிச்சமிருந்தவர்களையும் பெரியநாயகி விடவில்லை.

கச்சேரி முடிந்ததும் மேனேஜர் ஆனந்தராஜ், கமலை ஓரமாகக் கூப்பிட்டார். மேடைமேல் ஜான்சன் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். பெரியநாயகி அவர்களைப் பார்த்துக்கொண்டே வெளியே போய் வேனில் உட்கார்ந்துவிட்டார்.

"ப்ரதர், ஆளுங்க வந்து ஒக்காந்த ஒடனே மொத ரவுண்டு போவணும். அதான் எங்க பொழப்பு. நீங்க எல்லாரையும் சாமி கும்புட வெச்சிட்டீங்க. ஒருத்தன் தண்ணி பாட்டில்கூட கேக்கல."

"சரி சார்."

"அந்தம்மா நல்லாத்தான் பாடுறாங்க. ஆனா இங்க ஒத்து வராது. சின்ன வயசுப் பொண்ணா பாத்து இட்டுக்கினு வாங்க. அடுத்த சனிக்கெழமையும் அந்தம்மாதான்னா, நான் டிஜேவ கூப்ட்டுக்கிறேன்."

"சரி சார்," என்றான் கமல் மறுபடியும். அவனுக்கு வருகிற பதில் அது ஒன்றுதான்.

சரி என்று சொல்லிவிட்டானே தவிர, பின்னால் உட்கார்ந்திருந்த பெரியநாயகியைக் கண்ணாடியில் பார்க்காமலே வேனை ஓட்டினான். பெரியநாயகி திருமுக்கூடல் பக்கத்து விவசாயக் குடும்பம். குழு தொடங்கிய காலத்தில் ஒத்திகைக்கு இடமில்லாமல் கமலின் வீட்டில்தான் கூடினார்கள். அந்தக் காலனிக்குள் ஊர்த்தெருக்காரர்கள் வருவதும் தண்ணீர் வாங்கிக் குடிப்பதும் அப்போதெல்லாம் சகஜமில்லை. வந்தவர்கள் வெளியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இப்போதுதான் டீ குடித்தேன் என்பார்கள். பெரியநாயகி முதல் நாளே நேராக அடுப்படிக்குப் போய், கமலின் அம்மாவிடம், "அம்சா, கருவாட்டுக் கொழம்பு வாசன ஆள தூக்குது. ஒரு வாய் போடு" என்று தட்டைத் தானே எடுத்துக்கொண்டார். கமல் அதை மறக்கவில்லை. மறந்ததுபோல் நடிக்கவும் அவனுக்குத் தெரியாது. அவரைப் போய் எப்படி வர வேண்டாம் என்று சொல்வது?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார்பாளையத்தில் கூழ் வார்த்தல். நெசவுக்காகத் தெருவில் நீட்டிக் கட்டியிருந்த நூல் பாவைச் சுருட்டி எடுத்த பிறகுதான் மேடை போட இடம் கிடைத்தது. திங்கள் காலை வெளிச்சம் வருவதற்குள் மேடையைப் பிரித்துவிட வேண்டும், அடுத்த பாவு காத்திருக்கிறது என்று நெசவுக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். பெரியநாயகியின் கணவர் ஆதிகேசவன் மொபெட்டில் அவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வழக்கம்போல் பெரிய ஸ்பீக்கர் பெட்டியின் பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்தார். அந்தச் சத்தத்தில்தான் அவருக்குத் தூக்கம் வரும். வீட்டில் அமைதியாக இருந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

கூழ் குடித்துக்கொண்டே பெரியநாயகி கேட்டார். "நேத்து அந்த மேனேஜரு உன்ன தனியா கூப்ட்டு இன்னாமோ சொன்னாரே, இன்னா கமலு?"

"நல்லா இருந்ததுன்னாருக்கா."

"அப்டியா?"

"ஆமாக்கா. கொரலு கணீர்னு இருக்குதுன்னாரு."

பெரியநாயகி அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சொம்பில் மிச்சமிருந்த கூழையும் குடித்துவிட்டு மேடை ஏறினார். அன்றைக்குப் பாடிய பாட்டில் சாமி வந்து ஆடியவர்கள் மட்டும் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். கமல் பேஸை வாசித்தபடி, இந்தக் குரலை விட்டுவிட்டு நான் எங்கே போய்த் தேடுவேன் என்று நினைத்தான். ஆனாலும் தேடத்தான் போனான். டிஜே வந்துவிட்டால் அவன் மட்டுமா, நான்கு பேரும் அல்லவா வீட்டில் உட்கார வேண்டும்?

ஆடியில் கல்யாண மண்டபங்கள் ஓய்ந்து கிடக்கும். கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாணம் மட்டும் நடக்கும். செவ்வாய்க்கிழமை ஜான்சனின் உறவுக்காரர் வீட்டு வரவேற்பு. அங்கே சிம்ரன் என்ற பெண் பாடுகிறாள், போனில் அவள் பாட்டை ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கமலும் ஜான்சனோடு ஒட்டிக்கொண்டான். பிரியாணியை முடித்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்கள்.

பெண் நன்றாகவே பாடினாள். சுருதி விலகவில்லை. சிரித்த முகம். மேடையில் வேறு ஒருவரும் இல்லை, ஒரு லேப்டாப் மட்டும். பாட்டு முடிந்து அவள் இறங்கியதும் கமல் தயங்கித் தயங்கிப் போய் விஷயத்தைச் சொன்னான்.

"வர்றேண்ணா, சனிக்கெழம ஃப்ரீதான்," என்றாள் சிம்ரன் உடனே. "சவுண்டு சிஸ்டம் அங்கியே இருக்குதில்ல? அப்ப நான் லேப்டாப் எடுத்துக்கினு வந்துர்றேன். நீங்கல்லாம் அலைய வேணாம்."

"இல்லம்மா, நாங்க வாசிப்போம். நான் பேஸு."

"பேஸ் ட்ராக்லயே சூப்பரா இருக்குதுண்ணா."

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உதவி செய்கிற நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். கமல், "சரிம்மா, சொல்லி அனுப்புறேன்" என்று திரும்பினான். பின்னால் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த ஜான்சன் சிரிப்பை அடக்க முடியாமல் தூணுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான்.

வண்டி ஏறும்போது போன் அடித்தது. பெரியநாயகி.

"கமலு, சனிக்கெழம வண்டி எத்தினி மணிக்கு?"

"அது வந்துக்கா..."

"சொல்லு."

"அஞ்சு மணிக்கு வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டுல நில்லுக்கா."

புதன்கிழமையும் போன் வந்தது, எந்த நிறச் சேலை கட்டட்டும் என்று கேட்டு. கமல் பச்சை என்றான். சொல்லிவிட்டு, தன் வாயைத் தானே நொந்துகொண்டான்.

வியாழக்கிழமை சென்னைக்குப் போனான். பழைய சிநேகிதன் பாண்டியன் அங்கே பெரிய பப் ஒன்றில் டிரம்ஸ் வாசிக்கிறான். உண்மையான பப் எப்படி நடக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் புத்தி வரும் என்று தோன்றியது. பாண்டியன் அவனை மேடைக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தான். அங்கே வணக்கமும் இல்லை, பிள்ளையாரும் இல்லை. ஒருவன் வந்து கிட்டாரைத் தட்டினான், பாட்டு தொடங்கிவிட்டது. வாசிப்பு பிரமாதம். கமல் சிலிர்த்துப்போய்த் திரும்பிப் பார்த்தால், ஒருவரும் மேடையைப் பார்க்கவில்லை. பாட்டுக்கு மேலே பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தனை வருஷ மேடையில் கல் விழுந்ததைக் கமல் பார்த்திருக்கிறான், மழை விழுந்ததைப் பார்த்திருக்கிறான். யாருமே பார்க்காததை அன்றுதான் பார்த்தான்.

"இங்க அப்டித்தான்பா," என்றான் பாண்டியன். "நாம அவுங்க பேச்சுக்கு பின்னாடி ஓடிக்கினு இருக்கணும். அவ்ளோதான் வேல."

"கஷ்டமா இல்லியா உனுக்கு?"

"பாட்டு வாசிக்கும்போது ஒண்ணும் இல்ல. மூடுற நேரந்தான் பேஜாரு. எவனும் எழுந்திரிக்க மாட்டான். வெளக்க போட்டா சண்ட, பாட்ட நிறுத்துனா சண்ட. தெனமும் என் டிரம்ஸு சிம்பல் தட்ட தூக்கி மார்ல அணைச்சிக்கினுதான் வெளிய வர்றேன்."

அப்படியே நடந்தது. மூடுகிற நேரத்தில் யாரோ யாரையோ தள்ள, பாண்டியன் சிம்பலைத் தூக்கிக்கொண்டு பின்கதவுக்கு ஓடினான். கமலும் கூட ஓடினான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுகாசினி பூ கட்டிக்கொண்டிருந்தாள். கமல் பேஸைத் துடைக்கிறேன் என்று ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அக்காகிட்ட சொல்லிட்டியா?"

"நாளைக்கு சொல்லிடுவேன்."

"நாளைக்கு கச்சேரி. வண்டில ஏத்தி பப்பு வாசல்ல எறக்கிவிட்டுட்டு சொல்லப் போறியா?"

"காலைல போன் பண்ணி..."

"ஒரு வாரமா அவங்கதான் உனுக்கு போன் பண்றாங்க. நீ பண்ணல," என்றாள் சுகாசினி. "கடைல நான் பாக்கறேன் இல்ல. பத்துச் சேலைய பிரிச்சிட்டு ஒண்ணும் வேணாம்னு எழுந்து போறாங்க. நான் சிரிச்சிக்கினே மடிச்சி வெக்கிறேன். வேணாம்ங்கறத சொல்றது அவ்ளோ பெரிய பாவம் இல்ல."

"சேலைக்கு காது கேக்காது."

சுகாசினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக அவன்மேல் இன்னும் கோபம் வந்தது.

சனிக்கிழமை வந்தது. காலையில் கமல் போனை எடுத்தான், வைத்தான். மத்தியானம் எடுத்தான், சார்ஜ் இல்லை என்று தனக்குத்தானே சொல்லி வைத்தான். சிம்ரனுக்கும் சொல்லி அனுப்பவில்லை. சாயங்காலம் வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் பச்சைச் சேலையில் பெரியநாயகி நின்றார். ஆதிகேசவன் மொபெட்டில் இருந்தபடியே கையசைத்தார். கமல் கதவைத் திறந்துவிட்டான். ஜான்சன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான்.

ஹோட்டலின் வண்டி நிறுத்தும் இடத்தில் இறங்கியதும் கமல் மெல்ல ஆரம்பித்தான். "அக்கா, இன்னைக்கு உள்ள... அந்த சாமி பாட்டு..."

"உள்ள வேணாமா? சரி, இங்கியே பாடிட்டுப் போலாம்," என்றார் பெரியநாயகி. "அத பாடாம எனுக்கு வேற பாட்டு வாயில வராது. உனுக்கு தெரியாதா?"

இவ்வளவு லேசாக முடியும் என்று கமல் நினைக்கவில்லை. வேனுக்குப் பக்கத்தில் நின்று, ஜான்சன் கதவில் தாளம் தட்ட, அவர் பிள்ளையாரைப் பாடினார். செக்யூரிட்டி தொப்பியைக் கழற்றினார். சமையல்கட்டிலிருந்து இரண்டு பேர் மாவுக் கையோடு வந்து நின்றார்கள். ஆனால் கமல் சாமி பாட்டைத்தான் வெளியே விட்டான். ஆளை உள்ளே அல்லவா கூட்டிக்கொண்டு போகிறான்?

ஆனந்தராஜ் பெரியநாயகியைப் பார்த்தார், கமலைப் பார்த்தார். கமல் பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு அதற்குப் பின்னால் ஒளிய முடியுமா என்று பார்த்தான். ஆறு அடி ஆளுக்கு அது போதாது. வேறு வழியில்லாமல் ஆனந்தராஜ் விளக்கை மங்கவைத்தார். முதல் பாட்டே குத்துப்பாட்டு. பெரியநாயகி இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு பாடினார். கிளாஸ்கள் தாராளமாக ஏறி இறங்கின. பேரர்கள் ஓடினார்கள். இருந்தும் ஆனந்தராஜின் முகம் மலரவில்லை. இடைவேளையில் கமலின் காதருகே வந்து, "டிஜேகிட்ட பேசிட்டேன் ப்ரதர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு கமலுக்கு விரல் ஓடவில்லை. முடிந்தது, இதுதான் கடைசி என்று தெரிந்துவிட்டது. பெரியநாயகியிடம் சொல்லவுமில்லை, மேடையைக் காப்பாற்றவுமில்லை. இரண்டு கட்சியிலும் சேர்ந்தவன் கதி இதுதான்.

மூடுகிற நேரம் நெருங்கியது. இரண்டு கம்பெனி ஆட்கள் இரண்டு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசிப் பாட்டு குத்துப்பாட்டாக இருக்க வேண்டும் என்று இந்தப் பக்கம் சீட்டு வந்தது. காதல் தோல்விப் பாட்டுதான் வேண்டும் என்று அந்தப் பக்கம் சீட்டு வந்தது. அந்தப் பக்கத்தில் ஒருவருக்கு நிஜமாகவே தோல்வி போலிருக்கிறது, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஆடற நேரத்துல இன்னாடா அழுவ?" என்று இந்தப் பக்கத்து ஆள் கேட்டார். அவ்வளவுதான். நாற்காலி நகர்ந்தது. சட்டைக் காலர் ஒருவர் கைக்கு வந்தது. சண்டையை விலக்க ஹோட்டல் வைத்திருந்த பவுன்சர்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு மலை. ஆனால் உள்ளூர்ப் பையன்கள். சண்டை போடுகிறவர்கள் எல்லாரும் அவர்களுக்கு மாமன் மச்சான் முறை. யாரைத் தொடுவது? ஆனந்தராஜ் கையை ஆட்டிப் பாட்டை நிறுத்தச் சொன்னார். பாட்டு நின்றதும் திட்டு இன்னும் தெளிவாகக் கேட்டது. ஒருவர் பாட்டிலின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். ஜான்சன் சிம்பலைக் கழற்றத் தொடங்கினான்.

கமல் யாரையும் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினான். எந்தப் பாட்டையும் தானாகத் தொடங்கியிராத அவன், பிள்ளையார் பாட்டின் முதல் வரியைப் பேஸில் தட்டினான். மேஜைகள் அதிர்ந்தன. பெரியநாயகி அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. கண்ணை மூடிக் கைகூப்பி, சரியான இடத்தில் குரலைச் சேர்த்தார்.

காலரைப் பிடித்திருந்த கை மெதுவாக இறங்கியது. இறங்கிய கை, கலைந்த காலரைச் சரிசெய்துவிட்டது. பாட்டிலைத் தூக்கியவர், அதை எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, மேஜைக்கடியில் வைத்தார். செருப்புகள் கழன்றன. காதல் தோல்விக்காரர் வாய்விட்டு அழுதார், ஆனால் இப்போது அது பக்தியில் அழுவதுபோல் இருந்ததால் யாரும் தடுக்கவில்லை. பவுன்சர்கள் இரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பாட்டு முடிந்த பிறகு மறுபடி கிளாஸைத் தொட ஒருவருக்கும் மனம் வரவில்லை. கோயிலிலிருந்து வெளியே வருகிறவர்கள்போல் வரிசையாக எழுந்து வந்தார்கள். ஒருவர் மேடையருகே நின்று, உள்ளங்கையை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தார். திருநீறு வராது என்று தெரிந்ததும் கையைத் தலையில் தடவிக்கொண்டு போனார்.

ஆனந்தராஜும் கைகூப்பித்தான் நின்றிருந்தார். கூட்டம் போன பிறகு அது ஞாபகம் வந்து கையை இறக்கினார். நேராகப் பெரியநாயகியிடம் வந்தார்.

"மேடம், நானும் நாலு ஊர்ல வேல பாத்துட்டேன். ஒரு டம்ளர் ஒடையாம மூடுனது இன்னைக்குத்தான். வாரா வாரம் கடைசிப் பாட்டு நீங்க இதத்தான் பாடணும்."

"மொதல்லயும் பாடுவேன்," என்றார் பெரியநாயகி. "வெளிய, வண்டிகிட்ட."

"எங்க வேணா பாடுங்க மேடம்."

திரும்பும்போது பெரியநாயகி முன் சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் கீபோர்டுக்காரர் குறட்டை விட்டார். ஜான்சனும் கண்ணை மூடியிருந்தான். கமலுக்கு ஒரு வாரத்துப் பாரம் இறங்கியிருந்தது. தப்பித்தோம், சொல்லாமலே தப்பித்தோம். சந்தோஷத்தில் வாய் தானாகத் திறந்தது.

"மேனேஜரு மொதல்லேர்ந்தே உன் கொரல பத்திதான் பேசிக்கினு இருந்தாருக்கா."

"ரோட்ட பாத்து ஓட்டு," என்றார் பெரியநாயகி. "கூழ் ஊத்துன எடத்துலயே ஜான்சன் சொல்லிட்டான்."

கமலின் கால் பிரேக்குக்குப் போனது. பின்னால் ஜான்சன் திடீரென்று மிகவும் ஆழமாகத் தூங்கினான்.

"தெரிஞ்சிக்கினேவா தெனம் போன் பண்ண?"

"ஆமா."

இனி மறைக்க ஒன்றுமில்லை என்று ஆனபோது கமலுக்கே ஆச்சரியமாக வார்த்தை வந்தது. "அக்கா, நான் போயி சிம்ரன்னு ஒரு பொண்ணயும் கேட்டேங்கா."

"அதுவுந்தான் சொன்னான். நல்லா பாடுதாமே?"

"பாடுதுக்கா. ஆனா அதுக்கு நான் வேணாமாம். பேஸு லேப்டாப்லயே இருக்குதாம்."

பெரியநாயகி சிரிக்கத் தொடங்கியவர் வாலாஜாபாத் வரும்வரை நிறுத்தவில்லை. கண்ணில் வந்த தண்ணீரைப் பச்சை முந்தானையில் துடைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஆதிகேசவன் மொபெட்டில் உட்கார்ந்திருந்தார், கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு. வேன் நின்றது. பெரியநாயகி இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, கதவைப் பிடித்தபடி நின்றார்.

"ஒவ்வொரு வாட்டியும், இன்னைக்கு சொல்லிடுவான், நாமளும் ஊட்லயே இருந்துடலாம்னுதான் போன் பண்ணேன் கமலு. நீ மணி சொன்ன. சேல கலர் சொன்ன. ஒரே ஒரு வாட்டி வேணாம்னு சொல்லியிருந்தின்னா, நான் வந்தே இருக்க மாட்டேன்."

கதவைச் சாத்திவிட்டு அவர் மொபெட்டில் ஏறிக்கொண்டார்.